வீட்டு வரி கூடிவிட்டதா? வக்கீலிடம் போகும் முன்

நகராட்சியிலிருந்து ஒரு நோட்டீஸ் வருகிறது. போன வருடம் வரை உங்கள் வீட்டுக்கு வரி 600 ரூபாய். இப்போது 2,400 ரூபாய் என்று போட்டிருக்கிறது. வீடு அதே வீடுதான். புதிதாக ஒரு செங்கல் கூட வைக்கவில்லை. என்ன செய்வீர்கள்?

கோபத்தில் நோட்டீஸைக் கிழித்துப் போடாதீர்கள். பரணில் செருகி மறந்தும் விடாதீர்கள். முதலில் அதில் உள்ள தேதியைப் படியுங்கள். அது உங்கள் கைக்கு வந்த தேதியை ஓரத்தில் எழுதி வையுங்கள். ஆட்சேபணை சொல்வதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் மனுவை ஏற்க வைப்பது கடினம்.

அடுத்து, வரி ஏன் கூடியது என்று பாருங்கள். வீட்டின் பரப்பு எவ்வளவு, எந்தத் தெரு, ஓட்டு வீடா தளம் போட்ட வீடா, எத்தனை வருடப் பழசு, சொந்தக் குடியிருப்பா வாடகைக்கு விட்டதா, வீடா கடையா என்றெல்லாம் பார்த்துத்தான் வரி போடுவார்கள். இதில் ஒன்றைத் தவறாக எழுதியிருக்கலாம். திண்ணையில் தையல் மிஷின் இருப்பதைப் பார்த்துவிட்டு முழு வீட்டையும் கடை என்று எழுதியிருக்கலாம். பரப்பு கூடுதலாக ஏறியிருக்கலாம். ஒரு நாடா எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். நீளம் 20 அடி, அகலம் 15 அடி என்றால் 300 சதுர அடி. பெருக்கல் நாம் வகுப்பில் போட்டதுதான். நோட்டீஸில் 500 என்று இருந்தால், தவறு கையில் கிடைத்துவிட்டது.

ஊர் முழுவதற்கும் வரி விகிதத்தையே கூட்டியிருந்தால் விஷயம் வேறு. உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் அதைக் குறைப்பது கடினம். வக்கீலுக்குக் கொடுக்கும் பணமும் வீணாகப் போகலாம்.

தவறு தெரிந்ததும் ஆட்சேபணை மனு எழுதுங்கள். இதற்கு வக்கீல் தேவையில்லை. வரி எண், வீட்டு முகவரி, எது தவறு, சரியான அளவு எது, இவ்வளவு போதும். பழைய வரி ரசீதின் நகலை இணையுங்கள். மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுங்கள். மற்றொன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத மனுவை, கொடுத்ததாக நிரூபிக்க முடியாது.

மனு தள்ளுபடி ஆனால் மேல்முறையீடு செய்யலாம். எங்கே என்பது ஊருக்கு ஊர் மாறும். டெல்லியில் இதற்கென்று ஒரு வரித் தீர்ப்பாயம் இருக்கிறது. மும்பையில் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். டெல்லிச் சட்டத்தில் கெடு 30 நாள். தகராறில் உள்ள வரியையும் முதலில் மாநகராட்சியில் கட்டவேண்டும். கட்டாவிட்டால் விசாரணைக்கு எடுக்கமாட்டார்கள். இந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1992இல் சொல்லிவிட்டது. உங்கள் ஊரில் எத்தனை நாள், எவ்வளவு கட்டவேண்டும் என்பதைத்தான் வக்கீலிடம் முதலில் கேட்கவேண்டும்.

வக்கீல் வைப்பது லாபமா என்று கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 1,800 ரூபாய் கூடியிருக்கிறது. வக்கீல் 5,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த வரி ஐந்து வருடம் நீடித்தால் 9,000 ரூபாய் ஆகிறது. அப்போது வழக்குப் போடலாம். கூடியது 200 ரூபாய்தான் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வரி வழக்கு நடத்தியிருக்கிறாரா என்று வக்கீலிடம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. கட்டணத்தை முதல் நாளே பேசி எழுதி வாங்குங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். "ஜெயித்தால் மிச்சமாகும் பணத்தில் பாதி எனக்கு" என்று வக்கீல் பேசக்கூடாது. அது வக்கீல்களுக்கான விதிக்கே விரோதம். கோர்ட்டு வாசலில் ஆள் பிடிக்கும் தரகரை நம்பவேண்டாம்.

வக்கீல் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார். அதுதான் வக்காலத்து. உங்களுக்காக வழக்காட அவருக்கு நீங்கள் தரும் அதிகாரம் அது. சமாதானம் செய்யவும், வழக்கைத் திரும்பப் பெறவும் கூட அதில் அதிகாரம் அச்சடித்திருக்கலாம். முன்பு நாம் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தோம். இப்போது எழுத்துக் கூட்டியாவது முழுவதும் படியுங்கள். புரியாத வரியைக் கேளுங்கள். எழுதாத வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே வேண்டாம். பத்திரத்தின் நகலைக் கொடுங்கள். அசல் உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

கையில் பணம் இல்லையா? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்கலாம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. தீர்ப்பாய வழக்குக்கும் இந்த உதவி பொருந்தும். வழக்கில் நியாயம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இதற்கு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் போன் செய்தும் கேட்கலாம்.

வழக்கு நடக்கும்போது வரி கட்டுவதை நீங்களாக நிறுத்தாதீர்கள். அபராதம் ஏறும். தீர்ப்பு வந்ததும் அதன் நகலை வாங்கி வரி அலுவலகத்தில் கொடுங்கள். அதற்கும் முத்திரை வாங்குங்கள். அடுத்த ரசீதில் புதுத் தொகை ஏறியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.