யோடா தமிழ் பேசினால்

நம் சங்கத்து இல்லங்களில் பள்ளிப் பிள்ளைகளிடையே புதியதொரு விளையாட்டுப் பரவி வருவதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். தாம் எழுதிய கட்டுரையையோ கடிதத்தையோ செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து, 'இதனை யோடா பேசுவதுபோல் மாற்றித் தா' என்கிறார்கள். நொடிப்பொழுதில் வந்துவிடுகிறது, வீடே சிரிக்கிறது. சிரிப்பின்மேல் நமக்கு வெறுப்பில்லை. ஆயினும் அவ்விளையாட்டைத் தமிழில் ஆடும்பொழுது ஒரு சிக்கல் எழுகிறது. அதனையே ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

யோடா, 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்பட வரிசையில் வரும் விண்ணுலக முதியவர். 1980ஆம் ஆண்டு வெளிவந்த 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' படத்தில் முதன்முதல் தோன்றினார். பிராங்க் ஓஸ் என்பார் பொம்மையை இயக்கிக் குரலும் கொடுத்தார். ஆங்கிலத்தில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்பதே முறை. யோடாவோ செயப்படுபொருளை முன்னே வைத்துப் பேசுவார். ஆங்கிலச் செவிக்கு அது விந்தை.

அதனைத் தமிழில் வைத்துப் பாருங்கள். 'நான் சோற்றை உண்டேன்' என்பது 'சோற்றை நான் உண்டேன்' என்றாகும். இதில் விந்தை எங்கே? அடுக்களையில் நம் பாட்டிமார் நாள்தோறும் பேசுவதல்லவா இது! வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி வருவதால், சொல் எங்கே நின்றாலும் பொருள் கெடுவதில்லை. வினையை முன்னே தள்ளி 'உண்டேன் நான் சோற்றை' என்றாலோ, மேடைப் பேச்சின் சாயல் வருகிறதேயன்றி, 900 ஆண்டு வாழ்ந்த முனிவரின் சாயல் வருவதில்லை.

இக்கருவிகள் ஏராளமான எழுத்தைப் பயின்று, அடுத்து வரத்தக்க சொல் எதுவெனக் கணித்து எழுதுபவை. புறத்தே தெரியும் அடையாளத்தை எளிதில் பற்றிக்கொள்கின்றன. யோடா எல்லா வாக்கியங்களையும் புரட்டிப் பேசுபவரல்லர். நேராகச் சொன்னவையும் பல. கருவி பெரும்பாலும் அனைத்தையும் புரட்டிவிடுகிறது. (பகடி நடிகர்கள் செய்வதும் இதுவே, கருவியை மட்டும் குறைகூறுவானேன்?)

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வீட்டுப் பேச்சளவில் நிற்கிறது. கருவி 'பறவைகள் பறந்தது' என்று எழுதினால், அது யோடாவின் விநோதமா, இலக்கணப் பிழையா என்று அவர்கள் எங்ஙனம் அறிவர்? விந்தைப் பேச்சென்னும் போர்வைக்குள் பிழை ஒளிந்துகொள்கிறது. ஆகவே, 'சொற்களை இடம் மாற்று' என்று கேளாமல், 'சிறு வாக்கியமும் பழஞ்சொல்லும் நிதானமுமாக எழுது' என்று கேட்கப் பழக்கலாம். வந்ததை உரக்கப் படித்து, வினைமுற்று எழுவாயோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் செய்யலாம்.

வேற்றுநாட்டு முனிவரே வேண்டுமென்பதும் இல்லை. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா, நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் பல்லாண்டு வாழ்ந்தவர். அவருடைய 'என் இனிய இயந்திரா' புதினத்தில் ஜீனோ என்றோர் இயந்திர நாய் வருகிறது. படிக்கும், பேசும், குறும்பும் செய்யும். யோடாவைப் பற்றி ஆங்கிலத்தில் மலைபோல் எழுத்துக் குவிந்திருக்கிறது. ஜீனோவைப் பற்றி அவ்வளவு இல்லை. எனவே கருவி அதனை ஏதோவோர் இயந்திரமாக்கிவிடக் கூடும். அதன் பேச்சியல்பை நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிள்ளை அப்புதினத்தைப் படித்திருத்தல் வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவத்தினர்க்குப் பெரியோர் இரவில் நான்கு பக்கம் படித்துக் காட்டினாலும் போதும்.