பிறந்ததும் துறந்ததும் மறைந்ததும் ஒரே தேதி!

அக்டோபர் மாதம் 2-ந் தேதி.

இது என்ன நாள் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையும் பதில் சொல்லிவிடும். காந்தி அடிகள் பிறந்த நாள்.

அந்த ஒரு தேதியில் வேறு சில வரலாறுகளும் இருக்கின்றன. அவற்றில் சில, நம் தமிழ்நாட்டிலேயே நடந்தவை.

இருவர் பிறந்த நாள்

1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, குஜராத்தில் உள்ள போர்பந்தரில் காந்தி அடிகள் பிறந்தார். அவருடைய தந்தை அந்த சமஸ்தானத்தின் திவான்.

சரியாக 35 ஆண்டுகள் சென்றன. 1904-ம் ஆண்டு, அதே அக்டோபர் 2-ந் தேதி. காசிக்கு அருகே உள்ள முகல்சராயில் ஓர் ஏழை வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. ஒன்றரை வயதிலேயே தந்தையை இழந்த அந்தக் குழந்தைதான் லால்பகதூர் சாஸ்திரி.

இளம் வயதிலேயே காந்தி அடிகளின் அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டவர் சாஸ்திரி. நாட்டுக்காகப் பல முறை சிறை சென்றார்.

ஆவடியும் பெரம்பூரும்

சென்னைக்கு மேற்கே இருக்கிறது பூவிருந்தவல்லி. அங்கிருந்து ஆவடிக்குப் போகும் சாலையில் இருக்கும் ஊர், சென்னீர்குப்பம். இந்த வட்டாரத்துக்கு 1955-ம் ஆண்டு பெருமை தந்த ஆண்டு.

அந்த ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடியது. நாடெங்கும் இருந்து தலைவர்கள் வந்தார்கள். "சமதர்மப் பாணியில் சமுதாயம் அமைப்போம்" என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அப்போது சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி காமராஜர்.

அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, சென்னை பெரம்பூரில் ரெயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். அன்று ரெயில்வே மந்திரி யார் தெரியுமா? லால்பகதூர் சாஸ்திரி! அன்றைக்கு அவருக்கு வயது 51 நிறைந்தது.

அரியலூரில் நடந்த துயரம்

மறு ஆண்டு, 1956 நவம்பர் 23-ந் தேதி. அடைமழை. அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம். தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ரெயில் அந்த வெள்ளத்தில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

சாஸ்திரி ரெயிலை ஓட்டவில்லை. பாலத்தைக் கட்டவில்லை. ஆனாலும், "இலாகா என்னுடையது, பொறுப்பும் என்னுடையது" என்று கருதினார். மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்.

நாற்காலியை விட்ட நாள்

1963-ம் ஆண்டு வந்தது. காமராஜர் ஒரு யோசனை சொன்னார். பெரிய தலைவர்கள் பதவியை விட்டு இறங்கி, மக்களிடம் போய்க் கட்சிப் பணி செய்ய வேண்டும் என்பதே அது. "காமராஜர் திட்டம்" என்று அதற்குப் பெயர் வந்தது.

மத்திய மந்திரிகள் 6 பேர், முதல்-மந்திரிகள் 6 பேர் விலகினார்கள். உள்துறை மந்திரியாக இருந்த சாஸ்திரியும் அவர்களில் ஒருவர். அவர் பதவியைத் துறந்தது இது இரண்டாம் முறை.

ஊருக்குச் சொன்னதைக் காமராஜர் தாமும் செய்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதல்-மந்திரியாக இருந்தவர்; ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டவர்; யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. தாமாகவே இறங்கினார்.

அவர் முதல்-மந்திரி பதவியை விட்ட நாள், அக்டோபர் 2!

மறு ஆண்டு மே மாதம் நேரு மறைந்தார். அடுத்த பிரதமர் யார் என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது காமராஜர் காங்கிரஸ் தலைவர். எல்லாரையும் கலந்து பேசினார். சச்சரவு இல்லாமல் சாஸ்திரி பிரதமர் ஆனார். பதவியை விட்ட ஒருவரைப் பதவியை விட்ட இன்னொருவர் தேர்ந்தெடுத்தார்!

12 ஆண்டுகளுக்குப் பிறகு

1975-ம் ஆண்டு. காந்தி ஜெயந்தி நாள். சென்னை தியாகராய நகர், திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் காமராஜர் இருந்தார். அது வாடகை வீடு. அவருக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. அன்று பிற்பகலில் அவர் உயிர் பிரிந்தது. வயது 72.

பதவியை விட்ட அதே தேதியில் உலகையும் விட்டார்!

கிண்டியில் காந்தி மண்டபத்துக்கு அருகிலேயே அவரது உடல் தகனம் செய்யப்பட்டது. கன்னியாகுமரியிலும் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் மண்டபங்கள் உண்டு. அங்கே காந்தி அடிகளின் அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில், ஆண்டுதோறும் அக்டோபர் 2-ந் தேதி நண்பகலில் சூரிய ஒளி விழும்படி கட்டியிருக்கிறார்கள்.

தேதியா, மனிதரா?

இதையெல்லாம் கேட்டால், "அந்தத் தேதியில் ஏதோ மகிமை இருக்கிறது" என்று சிலர் சொல்லலாம். பிறப்பும் இறப்பும் யார் கையிலும் இல்லை. அவை தற்செயலாக ஒன்று கூடும். ஆனால், பதவியைத் துறப்பது மனிதன் கையில் இருக்கிறது.

காந்தி அடிகள் எந்த சர்க்கார் பதவியிலும் அமர்ந்தது இல்லை. நாடு விடுதலை பெற்ற நாளில் டெல்லியில் விழா நடந்தது. அவரோ கல்கத்தாவில் உண்ணாவிரதம் இருந்தார். சாஸ்திரி இரண்டு முறை பதவியை விட்டார். காமராஜர் புகழோடு இருக்கும்போதே விட்டார். மூவரையும் சேர்த்துக் கட்டும் கயிறு தேதி அல்ல, இந்தக் குணமே.

1959-ம் ஆண்டு இதே அக்டோபர் 2-ந் தேதி, ராஜஸ்தானில் உள்ள நாகோரில் பஞ்சாயத்து ராஜ்யத்தை நேரு தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராமசபை கூடும் நாட்களில் அக்டோபர் 2-ந் தேதியும் ஒன்று. ஊர்ப் பணம் எங்கே போயிற்று, சாலைக்கு என்ன ஆயிற்று, குடிதண்ணீர் எப்போது வரும் என்று அங்கே யாரும் எழுந்து கேட்கலாம். பதவியில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும்.

பதவி என்பது மக்கள் கொடுத்து வைத்த பொருள். அதை நினைவூட்ட இதைவிடப் பொருத்தமான நாள் ஏது?