மோட்டார் எஞ்சினுக்கு ஏற்ற ஸ்பார்க் பிளக்

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலத்தில், ஊருக்குள் மோட்டார் என்றாலே வட்டார ஜீப்தான் மக்களின் நினைவுக்கு வரும். இன்றோ குடியானவர் வீட்டு வாசல்களிலும் கார்கள் நிற்கின்றன. அவற்றுள் பல, பிறர் சில ஆண்டுகள் ஓட்டிய பின் வாங்கப்பட்டவை. இத்தகைய வண்டியில் எஞ்சின் 'மிஸ்' அடித்தால், 'முதலில் பிளக்கை மாற்றிப் பாருங்கள்' என்று யாரேனும் சொல்வர். மாற்றுவது எளிது. ஆனால் எந்தப் பிளக்கை வாங்குவது என்பதைப் பலரும் கடைக்காரரிடமே விட்டுவிடுகின்றனர். பொருத்தமற்ற பிளக்கினால் எஞ்சினே பாழாகக் கூடுமாதலின், இதனைச் சற்று விரிவாகக் கூறுவது நலம்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே அதில் எண்ணெயைப் பற்றவைக்கிறது. சில டீசல் வண்டிகளிலுள்ள 'ஹீட்டர் பிளக்' என்பது, குளிர்ந்த எஞ்சினை எழுப்புவதற்கான வேறொரு சாதனம். பெட்ரோல் எஞ்சினிலோ, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோலும் காற்றும் கலந்த கலவைக்கு மின்பொறியால் தீ மூட்டவேண்டும். நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், ஒவ்வொரு பிளக்கும் நிமிடந்தோறும் 1,500 தடவை இவ்வேலையைச் செய்தாக வேண்டும். இதற்குப் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் தேவைப்படுகிறது.

பிளக்கைத் தேர்ந்தெடுக்கையில் முதற்கண் நோக்கவேண்டியது அதன் மரை. கார்களில் 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரை மிகுதியாக வழங்குகிறது. 12, 10 மில்லிமீட்டர் அளவுகளும் உண்டு. விட்டம் தவறினால் பிளக் துளையில் ஏறாது. ஆகவே அத்தவறு உடனே தெரிந்துவிடும். ஆபத்து மரையின் நீளத்தில் இருக்கிறது. 14 மில்லிமீட்டர் விட்டத்திலேயே 9.5, 12.7, 19, 26.5 மில்லிமீட்டர் நீளங்களில் பிளக்குகள் வருகின்றன. அவை ஒரே துளையில் ஒரே விதமாக ஏறிவிடும். குட்டை மரைக்கு உரிய எஞ்சினில் நீண்டதைத் திருகினால், அதன் முனை சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு, மேலேறி வரும் பிஸ்டனில் மோதக்கூடும். நீண்ட மரைக்கு உரிய துளையில் குட்டையைப் பொருத்தினாலோ, பொறி உள்ளடங்கி விழும். மிஞ்சிய மரையில் கரி படிந்து இறுகும். பின்னர்ச் சரியான பிளக்கும் அதில் ஏறாது. காருக்கு வாங்கியதில் மிஞ்சிய பிளக்கைப் புல்வெட்டும் எஞ்சினுக்குப் போடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. மரை ஏறியது என்பதால் மட்டும் அது பொருந்தியதாகாது.

அடுத்தது வெப்பநிலை வரிசை. இதனைப் பற்றிய மயக்கம் பெரிது. 'ஹாட் பிளக்' என்றால் பொறி வலுவாக விழும் என்று பலர் எண்ணுகின்றனர். பொறிக்கும் இதற்கும் தொடர்பில்லை. எரிகின்ற சிலிண்டருக்குள் இருக்கும் பிளக்கின் முனை, தான் பெற்ற சூட்டை எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பதே இவ்வரிசையின் பொருள். வடிகாலை ஒட்டிய வயலில் நீர் உடனே வடிகிறது. தொலைவிலுள்ள வயலில் தேங்கி நின்று மெல்ல வடிகிறது. அவ்வாறே, உள்ளிருக்கும் பீங்கானின் மூக்கு நீண்டிருந்தால் சூடு உலோகக் கூட்டைச் சேர நெடுநேரமாகும். அது சூட்டுப் பிளக். மூக்குக் குட்டையாயிருந்தால் சூடு விரைவில் இறங்கும். அது குளிர் பிளக்.

முனையின் சூடு ஏறத்தாழ 450 அல்லது 500 டிகிரி சென்டிகிரேடை எட்டினால்தான், அதன்மீது படியும் கரி தானே எரிந்து நீங்கும். 850 டிகிரிக்கு மிக மேலே போனாலோ, பொறி விழுமுன்பே செங்கனலான முனை கலவையைப் பற்றவைத்துவிடும். அது நீடித்தால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பாரத்துடன் ஏறும் வண்டியில், அளவுக்கு மிஞ்சிய சூட்டுப் பிளக் இருப்பது இக்காரணத்தால் அபாயகரமானது. தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடிக் கடைத்தெருவில் நிற்கும் வண்டிக்கு வரும் தொல்லை வேறு. அதில் முனை சூடேறுவதற்குள் எஞ்சின் நின்றுவிடுவதால் கரி பிடிக்கும். இதற்காகச் சூட்டுப் பிளக்கைத் தேடவேண்டுவதில்லை. வாரத்திற்கொருமுறை நெடுஞ்சாலையில் சற்றுத் தூரம் ஓட்டினாலே பெரும்பாலும் போதும்.

இவ்வரிசையைக் காட்டும் எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர் பிளக். போஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூட்டுப் பிளக். ஆகவே ஒரு கம்பெனியின் 7-க்குப் பதிலாக மற்றொன்றின் 7-ஐ வாங்கக் கூடாது. கம்பெனிகள் வெளியிடும் ஒப்புமைப் பட்டியலைப் பார்த்தே மாற்றவேண்டும். (பழைய மெக்கானிக்குகள் இன்றும் சொல்லும் 'மைக்கோ பிளக்', 1951-இல் நிறுவப்பெற்ற மைக்கோ கம்பெனியுடையது. அக்கம்பெனி 2008 முதல் போஷ் என்னும் பெயரிலேயே இயங்குகிறது.) குறியீட்டில் 'ஆர்' என்னும் எழுத்து இருந்தால், பிளக்கினுள் மின்தடை அமைந்துள்ளது என்று பொருள். எலக்ட்ரானிக் கருவிகள் உள்ள இக்காலக் கார்களில் அவ்வெழுத்து இல்லாததைப் பொருத்தலாகாது.

கழற்றிய பழைய பிளக்குகளை எறியுமுன், எது எந்த சிலிண்டரினது என்று வரிசையாக வைத்துப் பார்க்கவேண்டும். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எல்லாம் சீராக உள்ளது. உலர்ந்த கருங்கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகையாகப் போகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறது, அல்லது பிளக் மிகக் குளிர்ந்த வகையினது. வெண்மையாகக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருப்பதுதான் செலவு வைக்கும் அறிகுறி: தேய்ந்த ரிங் வழியாகவோ வால்வு வழியாகவோ எண்ணெய் உள்ளே இறங்குகிறது. மாதம் ஒரு பிளக் மாற்றிக் காலம் கடத்துவோர் இதில் பலர். பிளக் மீது குற்றமில்லை. எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்கவேண்டும். பிறர் ஓட்டிய காரை வாங்கப் போகிறவர், விலை பேசுமுன் பிளக்குகளைக் கழற்றிக் காட்டச் சொல்வது மிகவும் நல்லது.

இடைவெளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பாயிண்ட்டு வைத்த பழைய வண்டிகளில் 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டரும், எலக்ட்ரானிக் முறை வந்த பின் பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர் வரையும் வைக்கப்படுகிறது. வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது.

நிக்கல் முனை உள்ள பிளக் விலை மலிவு. 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். பிளாட்டினம், இரிடியம் முனை உள்ளவற்றுள் சில ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை உழைக்கும். இரிடியம் உருகுவதற்கு 2,446 டிகிரி வேண்டும். நிக்கலுக்கு 1,455 டிகிரி போதும். இரிடியம் போட்டால் மைலேஜ் பெருகும் என்று கடைகளில் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். நல்ல நிலையிலுள்ள நிக்கல் பிளக்கைக் காட்டிலும் அதில் கிடைக்கும் இலாபம் நீண்ட ஆயுளே. கம்பெனியே இரிடியம் பொருத்தியிருந்தால் அதனையே தொடரவேண்டும். அதன் முனை மிக மெல்லியது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி இடைவெளியைச் சரிசெய்ய முயன்றால் உடைந்துபோகும்.

எஞ்சின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றவேண்டும். சூடான அலுமினிய ஹெட்டில் மரை எளிதில் பிய்ந்துவிடும். கழற்றுமுன் துளையைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி நீக்குக. புதியதை முழுவதும் கையாலேயே திருகி, அது நின்ற பின், வாஷர் உள்ளதாயின் ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக இறுக்கினால் போதும். வாஷரின்றிச் சரிவாக அமர்வதற்குப் பதினாறில் ஒரு பங்கு சுற்றே அளவு.

பஞ்சாயத்துக்குச் சொந்தமான பெட்ரோல் எஞ்சின்களுக்குப் பிளக் வாங்கும்போது, 'ஸ்பார்க் பிளக் - 4' என்று மட்டும் எழுதிய பில்லை ஏற்காமல், கம்பெனியின் பெயரையும் முழுக் குறியீட்டையும் எழுதி வாங்கி, இருப்புப் பதிவேட்டில் எந்த எஞ்சினுக்கு உரியது என்பதையும் சேர்த்துப் பதிந்து வைக்கவேண்டும். போலிச் சரக்கு வந்து சேர்ந்தால் கடையில் திருப்பிக் கேட்பதற்கும், அடுத்த முறை அதே பிளக்கை வாங்குவதற்கும் அப்பதிவே ஆதாரம்.