மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு வகுப்பு

தொடர் – 9

அமெரிக்கக் கறுப்பின ஆசிரியை செப்டிமா கிளார்க் வேலை இழந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். 40 வருட ஆசிரியப் பணி. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தை விட்டு விலகினால் வேலை தப்பும் என்ற நிலையில் விலக மறுத்தார். 1956-ல் வேலையோடு ஓய்வூதியமும் போயிற்று. டென்னசி மலைப்பகுதியில் மைல்ஸ் ஹார்ட்டன் நடத்திவந்த ஹைலாண்டர் பள்ளி அவரை அழைத்துக்கொண்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது. அந்நாளில் தென் மாநிலங்களில் அப்படி ஒரு மேசையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வாரம் ஜான்ஸ் தீவு. தென் கரோலினா கரையோரம், சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 18 வயதில் செப்டிமா முதன்முதலாகப் பாடம் நடத்தப் போனதும் இதே தீவுக்குத்தான்.

தீவிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தினமும் பேருந்தில் ஏற்றிச் சென்றவர் ஈசா ஜென்கின்ஸ். அந்நாளில் அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. இல்லையேல் 300 டாலர் மதிப்புள்ள சொத்தாவது வைத்திருக்க வேண்டியிருந்தது. சொத்து இல்லாத, பள்ளிக்கூடம் போக வாய்ப்பில்லாத மக்களை வெளியே நிறுத்த இதுவே போதுமானதாக இருந்தது. ஜென்கின்ஸ் அந்தச் சட்டப் பகுதியைத் தன் பயணிகளிடம் கொடுத்து, வழியெல்லாம் பேசிப் பேசி விளக்குவார். ஒரு அம்மா அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து பெயரைப் பதிந்துவிட்டார். ஆனால் அவருக்கு அது போதவில்லை. நிஜமாகவே வாசிக்கக் கற்றுக்கொடு என்று கேட்டார். பின்னாளில் வளர்ந்த ஒரு பெரிய கல்வி இயக்கத்துக்கு வித்து அந்தக் கோரிக்கைதான் என்பேன்.

ஹைலாண்டர் கொடுத்த கடனில் தீவு மக்கள் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பறை. வெள்ளையர் கண்ணுக்குக் கடை மட்டும் தெரிந்தால் போதும்.

யார் பாடம் எடுப்பது? செப்டிமா தேடிப் பிடித்தது தன் உறவுக்காரப் பெண் பெர்னிஸ் ராபின்சனை. அவர் ஆசிரியை அல்ல, பெண்களுக்கு முடி அலங்காரம் செய்பவர். தனக்குத் தகுதி இல்லை என்று தயங்கினார். அவரைத் தேர்ந்ததற்குக் காரணமே அதுதான். ஊர்ப் பெரியவர்களை அதட்டத் தெரியாதவர், பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர். அவரிடம் வருகிறவர்கள் கறுப்பினப் பெண்கள். எனவே எந்த வெள்ளை முதலாளியும் அவர் பிழைப்பில் கைவைக்க முடியாது. செப்டிமாவுக்கு நேர்ந்தது இவருக்கு நேராது.

1957 ஜனவரி 7 இரவு 14 பேர் வந்தார்கள். குழந்தைகளின் பாடப்புத்தகங்களோடு போயிருந்தார் பெர்னிஸ். அவை இந்தப் பெரியவர்களுக்கு ஆகாது என்று புரிந்ததும் ஒதுக்கிவைத்துவிட்டு, நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகளின் கடிதத்தைப் பிறர் தயவின்றிப் படிக்க வேண்டும். பைபிள் வாசிக்க வேண்டும். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். அவர்கள் சொன்ன இவைதாம் பாடத்திட்டம் ஆயின. அட்டையில் பெயரை எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதவைத்தார். கலப்பை பிடித்துப் பழகிய கைகள் அழுத்திய அழுத்தத்தில் பென்சில்கள் முறிந்தன. முறிந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம், யாரும் கடிந்துகொள்ளவில்லை.

சுவரில் ஒரு தாளை மாட்டியிருந்தார் பெர்னிஸ். ஐ.நா. 1948-ல் ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம். வகுப்பு முடிவதற்குள் நீங்கள் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும் என்றார். பெயரெழுதத் தெரியாதவர்களிடம் இப்படிச் சொல்ல எத்தனை மரியாதை வேண்டும்! அவர்களை ஏதுமறியாதவர்களாக அவர் ஒரு கணமும் நினைக்கவில்லை.

வாரம் இரண்டு இரவு, வயல் வேலை தொடங்கும் வரை நடந்தது வகுப்பு. அடுத்து பக்கத்துத் தீவுகளான வாட்மலாவிலும் எடிஸ்டோவிலும் தங்களுக்கும் வகுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். இந்த வகுப்புகளுக்குக் குடியுரிமைப் பள்ளி என்று பெயர் நிலைத்தது. கடைக்குப் பின்னால் நடந்தது மெல்ல வெளியே தெரிய ஆரம்பித்தது.

1959 ஜூலை 31 இரவு. ஹைலாண்டரில் பயிலரங்கு நடந்துகொண்டிருக்கிறது; ஹார்ட்டன் ஊரில் இல்லை, பொறுப்பு செப்டிமாவிடம். போலீஸ் உள்ளே நுழைந்தது. மதுவைத் தொட்டே அறியாத அந்த 61 வயது ஆசிரியையை, மது வைத்திருந்ததாகச் சொல்லிக் கைது செய்தார்கள்.

(தொடரும்)