புது நாய் சாதுவா, பயமா?

தத்தெடுத்து வந்த நாய் நம்ம வீட்டுக்கு ஒத்துவருமான்னு எப்போ முடிவு பண்ணலாம்?

ரமணாசிரமத்துல ஜாக்கிங்கற நாய்க்குச் சமாதியே இருக்கு, தெரியும்தானே? அப்படி நாயைக் கொண்டாடின ஊர் நம்ம திருவண்ணாமலை. ஆனா இங்க வேங்கிக்கால்ல ஒரு வீட்டுக்குள்ள புதுசா வந்த நாய், முதல்ல கட்டிலுக்கடியில ஒடுங்கிக் கிடக்கும், சோத்தைத் தொடாது. ‘ஐயோ, எவ்வளவு சாது!’ன்னு மயங்கிடாதீங்க, பெரும்பாலும் அது பயம்! நிஜ குணம் வெளியே வரச் சில வாரமாகும், சிலதுக்கு மாசக்கணக்குல. செருப்பைக் கடிக்கிறது, பால்காரரைப் பார்த்துக் குரைக்கிறது எல்லாம் அப்புறம்தான். அதுவரைக்கும் தீர்ப்பை ஒத்திவைங்க.

வெயில் ஏறறதுக்குள்ள நாயை நடக்கக் கூட்டிட்டுப் போக வீட்ல யாருக்கு நேரமிருக்கு? அதை மட்டும் இன்னைக்கே பேசிடுங்க. ஆங், வர்ற பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குள்ள நாயை இழுத்துட்டுப் போயிடாதீங்க!