நெஞ்சு நோவெல்லாம் மாரடைப்போ?

நம்மூரில் ஒருவன் நெஞ்சு நோவென்று படுத்தால், பார்க்க வருவோரெல்லாம் மாரடைப்பென்றே சொல்லிப் போவர். மாரடைப்பாவது இதயத்துக்குக் குருதி கொணரும் நாடி அடைபடுவது. இதயத்தசையழற்சியில் நாடி திறந்திருக்கும். தசையே வெதும்பி வீங்கித் தளரும். அழல் என்னும் அடியிற் பிறந்த அச்சொல்லின் பொருத்தத்தை யான் மிக மெச்சுவேன். மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, 1872இல் மனுஷ அங்காதிபாதத்தை வெளியிட்ட டாக்டர் கிறீனும் மெச்சியிருப்பார்.

இந்நோயைப் பெரும்பாலும் வைரசுகளே விளைப்பன. கார்த்திகை மார்கழி மழையோடு யாழ்ப்பாணத்திற் பரவும் டெங்கு அவற்றுள் ஒன்று. காய்ச்சல் தணிந்தபின்னும் ஒருவனுக்கு மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, மயக்கம் வருகிறது எனின், களைப்பென்று வீட்டில் வைத்திருத்தல் ஆகாது.

வைத்தியர் இதய மின்வரைபு எடுப்பர். குருதியில் துரொப்போனின் அளவு பார்ப்பர். எக்கோவால் இதயம் சுருங்கும் வலிமையை அறிவர். இம்மூன்றும் மாரடைப்பிலும் மாறுபடுவன. ஆதலின் நாடியைப் படம்பிடித்து அடைப்பின்மையை உறுதிசெய்தலும் நேரும். காந்த அதிர்வுப் படமோ தசையின் வீக்கத்தையே காட்டும்.

ஓய்வும், தளர்ந்த இதயத்தைத் தாங்கும் மருந்துகளுமே சிகிச்சை. டெங்குவில் ஓர் இக்கட்டுண்டு. குருதிநீர் கசிவதால் உடலுக்கு நீர் ஏற்ற வேண்டும். நலிந்த இதயம் மிகுநீரைத் தாங்காது. மணிக்கு மணி அளந்தே ஏற்றுவர்.

பெரும்பாலார் தேறுவர். ஆயினும் 3 முதல் 6 மாதம் வரை ஓட்டமும் பந்தாட்டமும் விலக்கு. மார்கழியில் நோயுற்ற மாணவன் மாசியில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்துவான். ஓடும்போதே துடிப்புத் தாளந்தப்பி உயிர் போதலுமுண்டு. வைத்தியர் மீளச் சோதிக்கும்வரை அவன் பெயரைப் பட்டியலிற் சேர்க்க வேண்டாமென விளையாட்டாசிரியர்க்குப் பெற்றோர் ஒரு கடிதம் எழுதுக.