மூன்று மாதத்திற்கென அனுப்பிய ஊழியர் மூன்று வருடமாக அங்கேயே!

எமது வர்த்தகர்கள் மத்தியில் நீண்டகாலமாக இருந்துவரும் ஒரு வழக்கம், ஆள் கொடுத்து உதவுவது. தம்பி குருநாகலில் புதிதாகக் கடை திறப்பார். புறக்கோட்டையில் உள்ள நானா தனது அனுபவமுள்ள சேல்ஸ்மேனை “மூன்று மாதத்திற்குப் போய் நின்று கடையை ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டு வாங்க” என்று அனுப்பி வைப்பார். பெரிய கம்பனிகளில் இதனைத் தற்காலிக இணைப்பு, ‘செக்கண்ட்மென்ட்’ என்பார்கள். எம்மவர்களிடம் அதற்குப் பெயரும் இல்லை, கடிதமும் இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வர்த்தக நிலையங்களின் கணக்கு வேலைகளில் ஈடுபட்டுள்ளவன் என்ற வகையில் நான் கண்ட ஒரு விடயத்தைச் சொல்கிறேன். புடைவைக் கடையொன்றில் ஒன்பது வருடம் வேலை செய்த ஊழியர் ஒருவர் இப்படித்தான் முதலாளியின் சகோதரரது கடைக்கு அனுப்பப்பட்டார். மூன்று மாதம் மூன்று வருடமானது. இடையில் சகோதரர்களின் கொடுக்கல் வாங்கல் பிரிந்தது. ஊழியர் வேலையிலிருந்து விலகிப் பணிக்கொடை கேட்டபோது, “அவர் இப்போது தம்பியின் ஆள்” என்றார் மூத்தவர். “நான் நியமனக் கடிதம் கொடுக்கவே இல்லையே” என்றார் இளையவர். சேமலாப நிதியையும் மற்றவர் கட்டுகிறார் என்று நினைத்து இருவருமே கட்டியிருக்கவில்லை.

இதில் எவ்வளவு பணம் சம்பந்தப்படுகிறது என்று பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தில் ஐந்து வருடங்களைப் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, ஒவ்வொரு வருடத்திற்கும் அரை மாதச் சம்பளம் வழங்க வேண்டும். இறுதியாகப் பெற்ற சம்பளமே கணக்கு. இறுதிச் சம்பளம் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சேவை 12 வருடம் எனக் கொண்டால் 30,000 வீதம் 360,000 ரூபா. ஆனால் சேவையை ஒன்பது, மூன்று எனப் பிரித்து, முதல் கடையை விட்டபோது இருந்த 40,000 ரூபாவில் கணக்கிட்டால் 180,000 ரூபாதான். ஐந்து வருடம் நிறையாததால் இரண்டாவது கடையில் ஒன்றுமில்லை. ஒரு துண்டுக் கடிதம் இல்லாததால் அந்த ஊழியரின் பாதிப் பணம் கேள்விக்குறியாகிறது.

சேமலாப நிதியும் அப்படித்தான். முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். நம்பிக்கை நிதியத்திற்கு முதலாளி மேலும் 3 வீதம். 60,000 ரூபா சம்பளத்திற்கு மாதம் 13,800 ரூபா. அடுத்த மாத இறுதிக்குள் செலுத்தாவிட்டால் மேலதிகக் கட்டணம் வேறு. தொழில் திணைக்களம் நிலுவையைத் தேடி வரும்போது, “நாங்கள் அண்ணன் தம்பி” என்ற பேச்சு எடுபடாது.

சரி, ஓர் ஊழியரை எவ்வளவு காலம் இப்படி இன்னொரு இடத்தில் வைத்திருக்கலாம்? தனியார்துறைக்கு இத்தனை மாதம்தான் என எமது தொழிற் சட்டங்கள் எல்லை போடவில்லை. இரு தரப்பும் உடன்பட்ட காலமே காலம். அதனால்தான் எழுத்து முக்கியமாகிறது. உங்கள் சொந்தக் கிளைக்கு மாற்றுவது வேறு. நியமனக் கடிதத்தில் இடமாற்ற நிபந்தனை இருந்தால் அதன்படி செய்யலாம். ஆனால் வேறொருவரின் கடை, வேறொரு கம்பனி என்றால் அது சட்டத்தின் பார்வையில் வேறு முதலாளி. சகோதரனுடையதாக இருந்தாலும் அப்படியே. ஊழியரின் சம்மதமின்றி அவரை வேறு முதலாளியிடம் கைமாற்ற முடியாது.

அனுப்பப்பட்டவர் அனுப்பியவரின் ஊழியராகவே இருக்கிறார் என்பதுதான் தற்காலிக இணைப்பின் அடிப்படை. அவரது சேவைக்காலம் அறுபடுவதில்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி அவருக்குரிய 14 நாள் வருடாந்த லீவும், 7 நாள் அமய லீவும் தொடரும். புது ஆள் என்று சொல்லி லீவை வெட்டக்கூடாது. அங்குள்ளவர் “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்றால் அவர் வேலையிழப்பதில்லை. உங்களிடம் திரும்பி வருகிறார். 15 பேருக்குக் குறையாத நிறுவனமாயின், ஒழுக்காற்றுக் காரணமின்றி அவரை நிறுத்துவதற்கு அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம்.

ஆகவே ஆளை அனுப்பு முன் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். ஆரம்பத் திகதி, முடிவுத் திகதி. திரும்பி வந்தால் என்ன வேலை. சம்பளமும் சேமலாப நிதியும் யார் கட்டுவது, எந்த இலக்கத்தில். லீவையும் ஒழுக்காற்றையும் யார் பார்ப்பது. தங்குமிடம், பயணச் செலவு, போனஸ், சம்பள உயர்வு யார் பொறுப்பு. சேவைக்காலம் தொடர்கிறது என்ற வசனம். மூவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கடை திறந்து கொடுக்க ஆறு மாதம் போதும் என்பது எனது அபிப்பிராயம். நீடிப்பதானால் மீண்டும் எழுதுங்கள். ஒரு வருடம் கடந்தும் அவர் அங்கு தேவையென்றால், உரிய பணிக்கொடையைக் கொடுத்து அவர் விருப்பத்துடன் விடுவித்து, அங்கே முறையான நியமனம் பெற்றுக்கொடுப்பதே நேர்மை. பழைய சேவைக்காலத்தைப் புதிய முதலாளி எழுத்தில் பொறுப்பேற்றாலும் சரிதான்.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. “முதலாளி சொன்னார், போனேன்” என்று இருந்துவிடாதீர்கள். கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சேமலாப நிதிக் கூற்றை வருடாவருடம் பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நல்ல ஊழியரை இரவல் கொடுப்பது பெரிய உதவிதான். ஆனால் அந்த உதவிக்கான விலையை, பேச்சை நம்பிப் போன அந்த மனிதர் தனது முதுமைக்காலப் பணத்திலிருந்து செலுத்த நேரக்கூடாது.